ஏபிஐ ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட்: கொல்லைக் குளத்துக்கு இது போதுமா?

கொல்லையில் மீன் குளம் வைத்திருப்பவர்கள் பம்புக்கும் ஃபில்டருக்கும் யோசிக்காமல் செலவழிப்பார்கள். தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி என்றால் மட்டும் கை வராது. தண்ணீர்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அப்புறம் சோதனை எதற்கு என்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம், ஆனால் அதற்கு நிறம் கிடையாது. கண்ணாடி மாதிரி தண்ணீரில் கோய் மீன் செவுள் சிவந்து மூலையில் ஒதுங்கி நிற்கும். பச்சைப் பாயசம் போல் கிடக்கும் தொட்டியில் கப்பிகள் ஜாலியாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பச்சைப் பாசி அம்மோனியாவைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏபிஐ கம்பெனியின் இந்தப் பெட்டிக்குள் ஏழு பாட்டில், மூடியோடு நான்கு கண்ணாடிக் குழாய், ஒரு வண்ண அட்டை. பிஎச், அதாவது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று பார்க்க இரண்டு பாட்டில், அம்மோனியாவுக்கு இரண்டு, நைட்ரைட்டுக்கு ஒன்று, நைட்ரேட்டுக்கு இரண்டு. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இது கண்ணாடித் தொட்டிக்காரர்களை மனதில் வைத்துச் செய்த பெட்டி. குளத்துக்கு இதில் பாதி தங்கம், கால்வாசி வீண். ரொம்பத் தேவையான ஒன்று உள்ளேயே இல்லை.

தங்கம் என்றது அம்மோனியா சோதனையை. குழாயில் 5 மில்லி கோடு வரை குளத்துத் தண்ணீர், முதல் பாட்டிலிலிருந்து 8 சொட்டு, இரண்டாவதிலிருந்து 8 சொட்டு, மூடி போட்டுக் குலுக்கி 5 நிமிடம். பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தால் சொட்டு ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழும். தலைகீழாகச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் பூஜ்யம், பச்சை ஏற ஏற அம்மோனியா. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பூஜ்யத்துக்கும் 0.25 பிபிஎம்முக்கும் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) நடுவில் இருப்பது ஒரு துளி பச்சைதான். வீட்டு எல்இடி விளக்கடியில் பார்த்தால் எல்லாமே 0.25 மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் அட்டையின் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டிப் பிடியுங்கள். அப்படியும் சந்தேகமா? பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை இன்னொரு குழாயில் எடுத்து அதே சொட்டு விட்டுப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே மஞ்சள் என்றால் உங்கள் குளத்தில் அம்மோனியா இல்லை.

அட்டையில் வரும் எண் மொத்த அம்மோனியா. அதில் எவ்வளவு விஷம் என்பதைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 30 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 என்றால் அதில் 1 சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் சுமார் 7 சதவீதம். 9 ஆனால் 45 சதவீதத்தை நெருங்கும். ஆகவே அம்மோனியாவைத் தனியாகப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பாசியும் செடியும் நிறைந்த குளத்தில் விடியற்காலை பிஎச் இறங்கியிருக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு உச்சத்தில் நிற்கும். காலையில் சோதித்துவிட்டு நிம்மதியாக ஆபீஸ் போகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. இரண்டு வேளையும் பாருங்கள்.

எண் வந்தபின் என்ன செய்வது? 0.5 வரை என்றால் இரை பாதியாகட்டும். 1 தொட்டால் இரையை நிறுத்திவிட்டு, குளோரின் போன தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. மழைக்குப் பிறகு குளத்து பிஎச் 6.5க்குப் போயிருந்து, உங்கள் போர் தண்ணீர் 8க்கு மேல் இருந்தால், ஒரேயடியாக மாற்றக் கூடாது. சாதுவாகக் கிடந்த அம்மோனியா பிஎச் ஏறியதும் விஷமாகிவிடும். பத்துப் பத்து சதவீதமாக மாற்றுங்கள்.

பிஎச் பாட்டில்கள் இரண்டில் முதலாவது 6.0 முதல் 7.6 வரைதான் காட்டும். கடினமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் அது அநேகமாகச் சும்மாதான் கிடக்கும். மற்றது 7.4 முதல் 8.8 வரை. புது சிமென்ட் தொட்டிக்கு அதுவும் போதாது. சுண்ணாம்பு இறங்கி பிஎச் 9ஐத் தாண்டி நிற்கும்போது அட்டை 8.8 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அட்டையின் கடைசி நிறம் வந்தால் ‘8.8 அல்லது அதற்கு மேல்’ என்று படியுங்கள். தொட்டியில் வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று தடவை கொட்டி, நிறம் நடுவுக்கு இறங்கி இரண்டு நாள் அங்கேயே நின்ற பிறகுதான் மீன்.

நைட்ரைட் சோதனை சுலபம்: 5 சொட்டு, 5 நிமிடம், நீலம் என்றால் பூஜ்யம், ஊதா ஏறினால் ஆபத்து. புது ஃபில்டர் போட்ட முதல் ஐந்தாறு வாரம் இதைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் 1000 லிட்டருக்கு 1 கிலோ அயோடின் கலக்காத கல்லுப்பு, வாளியில் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் தடுக்கும். அதற்கு மேல் உப்பு ஏற்றினால் அல்லி இலை கருகும்.

நைட்ரேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அல்லியும் கல்வாழையும் உள்ள குளத்தில் அது ஏறுவது அபூர்வம். பார்க்கிறவர்கள் இரண்டாவது பாட்டிலைத் தரையில் தட்டி அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள்; அடியில் படிந்தது கலங்காவிட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

பெட்டியில் இல்லாதது கேஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை. பிஎச்சைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஃபில்டரில் உள்ள பாக்டீரியா ஒவ்வொரு நாளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் நிரம்பி வழியும்போது மிச்சமும் கரைந்து போகும். பிறகு ஒரு நாள் பிஎச் பொத்தென்று விழும், ஃபில்டர் பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா ஏறும். அதே கம்பெனியின், தண்ணீரின் கடினத்தன்மையையும் (ஜிஎச்) சேர்த்துப் பார்க்கும் ஜிஎச்–கேஎச் பாட்டில்களைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கேஎச் பார்க்க, 5 மில்லி தண்ணீரில் நீலம் மஞ்சளாக மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு டிகிரி கேஎச். ஆறுக்குக் குறைந்தால் ஆப்ப சோடா: 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஒரு டிகிரி ஏறும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். அம்மோனியா இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டுத்தான் சோடா.

ஆக்ஸிஜனையும் இந்தப் பெட்டி காட்டாது. எல்லாக் குழாயும் நல்ல நிறம் காட்டியும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன என்றால், ராத்திரி முழுக்கச் செடியும் பாசியும் மூச்சுவிட்டதில் காற்று தீர்ந்திருக்கிறது. ஏர் பம்பை ராத்திரியில் அணைக்காதீர்கள். மிதக்கும் அசோலா குளத்தை மூடியிருந்தால் பாதியை அள்ளி எறியுங்கள்.

மலிவான சோதனைப் பட்டைகள் மாற்றாகுமா? அவற்றில் கேஎச் இருக்கும், பெரும்பாலானவற்றில் அம்மோனியா இருக்காது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் டப்பா திறந்த சில வாரத்திலேயே நிறம் மங்கும்.

குளம் மட்டும் வைத்திருப்பவருக்கு எங்கள் சிபாரிசு: முழுப் பெட்டிக்குப் பதில் அம்மோனியா, நைட்ரைட், ஹை ரேஞ்ச் பிஎச், கேஎச் நான்கையும் தனித்தனி பாட்டிலாக வாங்குங்கள். கண்ணாடித் தொட்டியும் வைத்திருந்தால் முழுப் பெட்டியோடு கேஎச். சென்னை கொளத்தூர் மீன் கடையோ ஆன்லைனோ, பாட்டிலில் உள்ள லாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அது தயாரித்த மாதமும் வருடமும். 0522 என்றால் 2022 மே. மூன்று வருடம் தாண்டிய பாட்டிலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.