பூனைக்கு வயிற்றுப்போக்கா? மலத்தைப் பார்க்காமல் ஊசி போடுகிறவரிடம் போகாதீர்கள்

கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் பூனை வளர்க்கிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் இருக்கிற ஒரு பெட் ஷாப். முன்னால் கடை, பின்னால் "கிளினிக்" என்று ஓர் அறை. எங்கள் பூனையின் வயிற்றுப்போக்கை அங்கே வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பெயர் சொல்லாத ஊசி போட்டார்கள். கடைசியில், திறக்கவே திறக்காத மல டப்பாவுக்கு லேப் ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அதனால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பூனையின் பெயர் செவலை. பொள்ளாச்சியில் எங்கள் நங்கையா வீட்டில் பிறந்த நாட்டுப் பூனை. அப்போது அவனுக்கு ஐந்து மாதம் இருக்கும். சாப்பாடு நன்றாகவே இறங்கியது, ஓடி ஆடி விளையாடினான். வயிறு மட்டும் நிற்கவே இல்லை. மலம் கூழாக, வெளிறிப்போய், எண்ணெய் தடவியது போல மினுமினுப்பாக வரும். நாற்றம் வீடு முழுக்க அடிக்கும். எவ்வளவு தின்றாலும் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. எங்கள் பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரி காலை நேரம்தான். நான் வேலை முடிந்து வர இருட்டிவிடும். ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கிறது என்று தெரிந்தவர் சொல்லித்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். எடை போடவில்லை. காய்ச்சல் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது, சளி வருகிறதா, ரத்தம் வருகிறதா, புழு மருந்து எப்போது கொடுத்தோம், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று எதுவுமே கேட்கவில்லை. பூனையைப் பிடித்தார், ஊசியைப் போட்டார். மல டெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "நாட்டுப் பூனைக்கெல்லாம் எதுக்குங்க்கா டெஸ்ட்டு? ரெண்டு ஊசியில நின்னுரும்" என்றார்.

நின்றது. சில நாள் கெட்டியாகப் போனான். பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பியது. மறுபடி ஊசி, மறுபடி கொஞ்சம் குணம், மறுபடி கூழ். இப்படியே ஓடியது. நடுவில் ஒரு பொடி, ஒரு டானிக், "வயிற்றுக்கு ஸ்பெஷல்" என்று ஒரு வெளிநாட்டுத் தீவனம். அந்தத் தீவனம் கம்பெனி பையில் வரவில்லை. கவரில் கட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். தயாரித்த தேதியும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. கேட்டால் "பெரிய பையில இருந்து பிரிச்சுக் குடுக்கறமுங்க, உங்களுக்குத்தான் லாபம்" என்றார்கள். ஊசிக்குச் சீட்டுக் கேட்டபோது தாளில் எழுதிக் கொடுத்தது "இன்ஜெக்‌ஷன் 2" என்று மட்டும். மருந்தின் பெயர், அளவு, கையெழுத்து எதுவும் கிடையாது.

இனி மல டெஸ்ட் இல்லாமல் ஊசி வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்ன பிறகுதான் டெஸ்டுக்குச் சம்மதித்தார். கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்ப வேண்டும், 850 ரூபாய் என்றார். புது பிளாஸ்டிக் டப்பாவில் மண் ஒட்டாமல் எடுத்து, மூடியைச் சுற்றி செலோடேப் ஒட்டி, என் மகள் அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் "செவலை" என்று எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலமே ரிப்போர்ட் ரெடி. கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள். புழு இல்லை, முட்டை இல்லை, பாக்டீரியா தொற்று இருக்கிறது, ஊசியைத் தொடர வேண்டும் என்று போட்டிருந்தது. லேப் பெயர் இல்லை, பார்த்தவர் பெயர் இல்லை.

நான் தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மகள் என் கையை இழுத்தாள். "அம்மா, நம்ம டப்பா." ஷாம்பு பாட்டில்களுக்குப் பின்னால், அலமாரியில், அவள் எழுதிய எழுத்தோடு அந்த டப்பா அப்படியே இருந்தது. டேப்கூடப் பிரியவில்லை. கேட்டதும் "அது எக்ஸ்ட்ரா சாம்பிளுங்க்கா" என்றார். நான் கொடுத்ததே ஒன்றுதான். டப்பாவையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தேன். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டேன். "டாக்டர் ஞாயித்துக்கிழமைதான் வருவாருங்க" என்றார். அப்போ இத்தனை நாள் ஊசி போட்ட நீங்கள் யார் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அந்தப் பேச்சு வந்தது: "நீங்க கேரளா. இங்க வந்து என்னங்க பண்ண முடியும்?"

அந்தப் பேச்சுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நம்மைப் போல எல்லையில் இருக்கிறவர்களுக்கு ரேஷன் கார்டு ஒரு மாநிலம், சந்தை இன்னொரு மாநிலம். எங்கே போய் முறையிடுவது என்று தெரியாமல் விட்டுவிடுவோம் என்ற தைரியம் அவர்களுக்கு. ஆனால் சட்டம் அப்படி இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்கு அது பாலக்காடு. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலும் போடலாம். முதலில் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இன்னொன்று, 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். டிப்ளமோ முடித்தவர்கள் சில சின்ன வேலைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிற டாக்டர் பெயரைச் சொல்லி வியாழக்கிழமை ஊசி போடுவது மேற்பார்வை ஆகாது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் தனித்தனி கால்நடை மருத்துவக் கவுன்சில் உண்டு. சீட்டில் பதிவு எண் இருந்தால் அங்கே சரிபார்க்கலாம். எண்ணே இல்லை என்றால் அப்போதே பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். செல்லப்பிராணிக் கடைகளும் 2018-ஆம் ஆண்டின் விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கடையில் அப்படி ஒரு சான்றிதழ் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை.

லீவு போட்டுவிட்டு செவலையை திருச்சூர் பக்கத்தில் இருக்கிற மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குதிரான் சுரங்கம் திறந்ததிலிருந்து திருச்சூர் ரோட்டில் முன்போல மலையில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அங்கே முதலில் தராசில் வைத்தார்கள். 1.4 கிலோ. இந்த வயதுக் குட்டி ரெண்டு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் பார்த்தார், ஈறைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார், கழுத்துத் தோலை இழுத்துவிட்டு எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்த்தார். மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தமாம். பிறகுதான் கேள்விகள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, முக்கி முக்கி, சளியும் சிவப்பு ரத்தமுமாகப் போனால் பெருங்குடல் கோளாறு. தடவை அதிகமில்லாமல் நிறையப் போய் எடையும் குறைந்தால் சிறுகுடல். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழி தெரிந்துவிடும் என்றார். கடையில் இத்தனை வாரம் யாரும் கேட்காத கேள்வி அது.

சூடு ஆறாத மலத்தை ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். காற்றில் விழுகிற இலை போலப் புரண்டு புரண்டு போகிற சின்ன உயிர்கள். ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி. சாக்கடைத் தண்ணீர், மற்ற பூனையின் மலம் இவற்றிலிருந்து தொற்றும். குடலின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, தின்கிற சத்தை உடம்பில் சேரவிடாது. அதுதான் கொழுப்பு அப்படியே மினுமினுவென்று வெளியே வந்தது.

கடை ஊசிக்கு ஏன் நின்று நின்று திரும்பியது என்று கேட்டேன். முதலில் ஊசியின் பெயரைக் கேட்டார். சீட்டை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் முகம் மாறியதை மறக்க மாட்டேன். மெட்ரானிடசோல் மாதிரி மருந்துகள் மலத்தைக் கொஞ்ச நாள் கெட்டியாக்கும், ஒட்டுண்ணி முழுக்க ஒழிந்துவிடும் என்று சொல்ல முடியாது என்றார். ஸ்டீராய்டு போட்டிருந்தால் பசி கூடும், பூனை தேறியது போலத் தெரியும், உள்ளே எதிர்ப்பு சக்தி குறையும். என்ன போட்டார்கள் என்று தெரியாததால் அடுத்து என்ன கொடுக்கலாம் என்பதையே அவர் யோசித்து யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊசி மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

கொடுத்தது ஃபென்பென்டசோல் சிரப். எடைக்குக் கணக்குப் போட்டு, சாப்பாட்டோடு, ஐந்து நாள். நம் பக்கம் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது, பால் சொசைட்டி இருக்கிறது, இதே மருந்து மாட்டுக்குப் பெரிய மாத்திரையாகக் கிடைக்கும். அதை உடைத்துப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அளவு தப்பிவிடும்.

மருந்து பாதி வேலைதான், சுத்தம் மீதிப் பாதி என்றார். மலத்தோடு வெளியே வருகிற இந்த ஒட்டுண்ணியின் கூடு (முட்டை மாதிரி ஒன்று) ஈரத்தில் நாள்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். பின்பக்க ரோமத்தில் ஒட்டியதைப் பூனை நக்கியே திரும்பவும் தொற்றிக்கொள்ளும். அதனால் மலத்தை அன்றன்றே எடுத்தோம், அவன் மலம் போகிற தட்டைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தோம், மருந்து முடிகிற நாளில் செவலையின் பின்பக்கத்தைக் குளிப்பாட்டித் துடைத்தோம். வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். சாப்பாட்டுக்கு எலும்பில்லாத கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிசைந்து கொடுத்தோம், வெந்த அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) ஒரு ஸ்பூன் சேர்த்து. உப்பு, மிளகாய் இல்லை. முக்கியமாக வெங்காயமும் பூண்டும் இல்லை. அவை பூனையின் ரத்த அணுக்களையே சிதைத்துவிடும். நம் வீட்டுக் குழம்பு எதிலும் சின்ன வெங்காயம் இல்லாமல் இருக்காது, அதனால் குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம்.

எல்லாப் பூனைக்கும் ஜியார்டியாதான் என்று நினைத்துவிட வேண்டாம். குட்டிகளுக்கு உருண்டைப் புழு, காக்சிடியா என்கிற இன்னொரு குடல் ஒட்டுண்ணி இரண்டும் ரொம்ப சாதாரணம். ஒரே இடத்தில் நிறையப் பூனை அடைத்து வளர்க்கிற இடத்திலிருந்து வந்த பெர்சியன் குட்டிகளுக்கு ட்ரைட்ரைகோமோனாஸ் என்று ஓர் ஒட்டுண்ணி வரும். மைக்ராஸ்கோப்பில் ஜியார்டியா மாதிரியே ஏமாற்றும், மருந்து வேறு. பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வயிற்றால் போகும், தீவனத்தைச் சட்டென்று மாற்றினாலும் போகும். ஒரு தடவை டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்றும் ஆகாது. ஜியார்டியா கூடு ஒவ்வொரு மலத்திலும் வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற டாக்டரை நம்புங்கள்.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் எடுத்து, சாப்பாட்டை ஒதுக்கி, சுருண்டு படுத்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. பான்லூக்கோபீனியா என்கிற வைரஸாக இருக்கலாம், மணிக்கணக்கில் குட்டியின் உயிரைத் தின்றுவிடும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1962 என்ற எண்ணைக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை வண்டி பற்றிக் கேட்கலாம். மெடிக்கலில் மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தால் அந்த ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

செவலைக்கு இப்போது மலம் கெட்டியாகப் போகிறது, மறு டெஸ்டிலும் ஒன்றும் இல்லை, எடை ரெண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. பாலக்காடு ஆணையத்துக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்கும் மனு போய்விட்டது. அந்த டப்பா போட்டோ, லேப் பெயரில்லாத ரிப்போர்ட், "இன்ஜெக்‌ஷன் 2" சீட்டு, பணம் கட்டிய ஃபோன் ரசீது எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்காவது லேப் பெயரும் கையெழுத்தும் இல்லாத இதே மாதிரி ரிப்போர்ட் வந்திருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் கட்டிய ஆதாரத்தோடு எடுத்து வையுங்கள், நீங்களும் உங்கள் மாவட்டத்திலேயே ஒரு மனு கொடுங்கள்.