ஸ்பெஷலைஸ்டு பவர் மிமிக் சேடில்: ஐந்து மாதம் ஓட்டிய பிறகு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் கோவா 70.3 டிரையத்லான் போட்டியை ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எட்டு மாதம் பயிற்சி எடுத்தேன். முடித்தது 7 மணி 38 நிமிடத்தில். 1.9 கி.மீ. கடல் நீச்சல் நன்றாகவே போனது. கோட்டை விட்டது 90 கி.மீ. சைக்கிளில்தான். பாதி தூரத்துக்கு மேல் சேடிலில், அதாவது சைக்கிள் இருக்கையில், உட்காரவே முடியவில்லை. முன்பக்கம் மரத்துப் போனது, அப்புறம் எரிச்சல். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்றே ஓட்டினேன். 3 மணி 15 நிமிடத்தில் முடிக்க நினைத்த சைக்கிள் பகுதி 3 மணி 42 நிமிடம் ஆனது. உரசிப் புண்ணான தோலோடு 21 கி.மீ. ஓட்டம், அதில் பாதி நடை.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. பயிற்சியாளரிடம் "கால் பிடித்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டேன். குழுவில் இருபது பேரில் பெண்கள் மூவர்தான். எங்கே வலித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு மன உறுதி போதவில்லை என்றே நம்பினேன். வேளச்சேரி நீச்சல் குளத்தில் உடை மாற்றும்போது எங்கள் மூவரில் மூத்த அக்கா நேராகக் கேட்டார்: "சைக்கிளோட வந்த சேடில்தானே இன்னும்? அதை முதல்ல மாத்து."

வீட்டிலேயே அளந்தேன். கெட்டியான படியில் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு, அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் உட்காரும் எலும்புகள் இரண்டும் குழி பதிக்கும். எனக்கு அந்த இடைவெளி 13 செ.மீ. அதோடு இரண்டு, இரண்டரை செ.மீ. கூட்டினால் சேடிலின் அகலம். அதனால் பவர் மிமிக்கில் 155 மி.மீ. அளவை வாங்கினேன், 143, 168-உம் உண்டு. பழையது எனக்குக் குறுகல். எலும்பு தாங்க வேண்டிய எடையை மென்மையான தசை தாங்கியிருக்கிறது. இது தெரிந்த அன்று உண்மையாகவே அழுதேன்.

பல சேடில்களில் நடுவில் வெறும் பள்ளம் இருக்கும். பெண்களுக்கென்று வந்த மிமிக்கில் அந்த இடத்தில் மெத்தென்ற ஃபோம் இருக்கிறது. பள்ளத்தின் விளிம்பு அறுக்காது, வீக்கமும் வரவில்லை.

முதல் பத்து நாள் ஏமாற்றம்தான். மூக்குப் பகுதி வழக்கமான சேடிலைவிட சுமார் 3 செ.மீ. குட்டை. பழைய சேடிலின் நுனி இருந்த இடத்திலேயே இதன் நுனியையும் வைத்துவிட்டேன். முன்னால் தள்ளுவது போல இருந்தது. பின்னால் நகர்த்தி, மட்டமாக வைத்த பிறகே சரியானது. முடிந்தால் பைக் ஃபிட், அதாவது உடலுக்கு ஏற்பச் சைக்கிளைப் பொருத்தும் வேலை, தெரிந்தவரிடம் கொடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. விலை பத்தாயிரத்தைத் தாண்டியது. ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் கைப்பிடி) படுத்து முக்கால் மணி நேரம் ஓட்டினால் நுனி இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. முழு நேரமும் ஏரோவிலேயே ஓட்டுபவர்கள் டிரையத்லான் சேடிலைப் பார்ப்பது நல்லது. எனக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர விடும் கடையில் வாங்குங்கள்.

போன ஞாயிறு விடியற்காலை நாலரைக்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினேன். சுமார் 90 கி.மீ., 3 மணி 20 நிமிடம். வலிக்காக ஒரு முறைகூட எழுந்து நிற்கவில்லை. இறங்கியதும் ஆறு கி.மீ. ஓடினேன். கோவாவுக்கு மறுபடி பதிவு செய்துவிட்டேன். விமானத்துக்காகக் கழற்ற வேண்டும் என்பதால் சீட் போஸ்ட்டின் (சேடிலைத் தாங்கும் குழாய்) உயரத்தையும், சேடிலுக்கு அடியில் உள்ள கம்பிகளில் அதன் பிடி நிற்கும் இடத்தையும் மஞ்சள் டேப் ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன்.