பாலாடா பக்கத்து டிராக்டர் பட்டறை: பிரேக் வேலைக்கு நம்பிப் போகலாம், பொறுமை வேணும்

நீலகிரியில பழைய மினி டிராக்டர் வச்சிருக்கறவங்க நிறைய பேர் இருக்கோம், ஆனா அதுக்கு பிரேக் வேலை ஒழுங்கா பாக்கற ஆளு கிடைக்கறதுதான் கஷ்டம், அதான் இதை எழுதறேன். எங்க வண்டி மிட்சுபிஷி சக்தி எம்டி 180டி, 18.5 ஹெச்பி, அப்பா காலத்து வண்டி. கேரட் காட்டுல உழவும் அதுதான், மூட்டையை ட்ரெய்லர்ல ஏத்தி கேரட் கழுவற மிஷினுக்கு இழுத்துட்டு போறதும் அதுதான்.

இதுல பின் சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனி டிரம் பிரேக், பெடலும் ரெண்டு. எங்களுக்கு வலது பக்கம் சுத்தமா பிடிக்கல, இடது மட்டும் கவ்வுது. காட்டுக்குள்ள எப்படியோ ஓட்டிடலாம், ஆனா ரோட்டுக்கு வந்து ரெண்டு பெடலையும் ஒண்ணா சேர்த்து லாக் போட்டு லோடோட இறக்கத்துல மிதிச்சீங்கன்னா வண்டி ஒரு பக்கமா திரும்பும், ட்ரெய்லர் பின்னாடி இருந்து தள்ளும், கேத்தி பக்கம் ரோடு எப்படின்னு தெரியும்ல, ஒரு பக்கம் மண்மேடு இன்னொரு பக்கம் கீழ அடுத்தவங்க காடு.

மொதல்ல வேற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினோம், பேரு வேணாம். லைனர்ல, அதான் டிரம்மை உரசி நிறுத்தற பட்டைல, ஆயில் பட்டிருக்குன்னு உப்புத்தாள் போட்டு தேச்சு பெட்ரோல்ல கழுவி மாட்டிட்டு காசு வாங்கிக்கிட்டாரு. ஆயில் ஊறின லைனரை என்னதான் கழுவினாலும் சூடு ஏறினா உள்ள இருக்கற ஆயில் மறுபடி மேல வந்துரும், அதே மாதிரிதான் ஆச்சு, கொஞ்ச நாள்லயே பழைய கதை.

அப்புறம்தான் இந்த பட்டறைக்கு போனோம். போர்டெல்லாம் இல்ல, தகர ஷெட்டு, வாசல்ல ரெண்டு மூணு டில்லர் பிரிச்சுப் போட்டு கிடக்கும். பட்டறைக்கார அண்ணன் டிரம்மை கழட்டினதும் ஷூவை, அதான் லைனர் மாட்டியிருக்கற இரும்பு வளைவை, பாக்கவே இல்லீங்க, நேரா கியர் பாக்ஸ் மேல இருக்கற பிரீதரை, அதான் காத்து போய் வர்ற ஓட்டையை, பாத்தாரு. மண்ணு அப்பி அடைச்சுக் கிடந்தது. காத்து வெளிய போக வழியில்லாம உள்ள பிரஷர் ஏறி, கசிவைத் தடுக்கற சீலைத் தாண்டி ஆயில் டிரம்முக்குள்ள வந்திருக்கு, "இதை விட்டுட்டு எத்தனை ஷூ மாத்தினாலும் வேஸ்டு தம்பி"ன்னாரு. சீல் உக்கார்ற எடத்துல ஷாஃப்டும் லேசா தேய்ஞ்சு கோடு விழுந்திருந்தது, புது சீலை அந்த கோட்டு மேல உக்காராத மாதிரி கொஞ்சம் தள்ளி அடிச்சாரு. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே காசு குடுக்கலாம்னு தோணிச்சு.

ஷூ புதுசு வாங்கச் சொல்லல. பழைய ஷூ நல்லாத்தான் இருக்கு, லைனர் மட்டும் போதும்னு கோயமுத்தூருக்கு அனுப்பி ரிவிட் அடிச்சு வாங்கினாரு, ரெண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புது லைனர் போட்டா மறுபடி ஒரு பக்கமாத்தான் இழுக்கும். டிரம்லயும் கோடு இருந்ததால லேத்துல லேசா பிடிச்சு எடுத்தாங்க. ரிட்டர்ன் ஸ்பிரிங் மாத்தினாங்க. டிரம்முக்குள்ள இருந்த தூசிக்கு ஏர் அடிக்க விடல, ஈரத்துணில துடைச்சாரு, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் மூச்சுல போகக்கூடாதுன்னு. இந்த மலையில இதை யோசிக்கற மெக்கானிக்கை நான் பாத்ததில்ல.

கடைசியா பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் தூக்கி வச்சு, பெடல் லாக் போட்டு மிதிச்சுக்கிட்டே ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்குதான்னு கையால சுத்திப் பாத்து அட்ஜஸ்ட் பண்ணாரு. அப்புறம் ட்ரெய்லர் இல்லாம சமதளத்துல ஓட்டி, ஜல்லில விழுந்த தடம் ரெண்டும் ஒரே நீளமான்னு இறங்கிப் பாத்தாரு. இப்ப வண்டி நேரா நிக்குது.

குறைன்னா இருக்கு, மறைக்கல. போன் எடுக்க மாட்டாரு, நேர்லதான் போகணும். நாளைக்குன்னு சொன்னா அடுத்த வாரம்னு எடுத்துக்கோங்க, அதுலயும் கேரட் அறுவடை நேரத்துல வண்டியை விட்டீங்கன்னா தொலைஞ்சீங்க. பில்லு துண்டு சீட்டுதான். எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள்ள முடிஞ்சது, அந்த வேலைக்கு அதிகம்னு சொல்ல மாட்டேன்.

புது மாடல் வண்டி, ஆயில்ல மூழ்கின டிஸ்க் பிரேக் வச்சது எடுத்துட்டு போகாதீங்க, அவரே கம்பெனி சர்வீஸுக்கு போன்னு அனுப்பிடுவாரு. டிரம் பிரேக் வண்டின்னா மட்டும் போங்க. இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடற பழக்கம் இருந்தா அதை அவர்கிட்ட சொல்லிராதீங்க, எங்க டிரைவர் பையன் சொல்லி அரை மணி நேரம் திட்டு வாங்கினான். ஏறின கியர்லயே இறங்கணுமாம்.