கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் அணிக்கு, ராக்கெட்டில் கட் மாட்டும் ஒரு கட்டிங் மெஷின்: வாங்கலாமா?

ஆட்டத்தின் நடுவே உடையோ ஷூவோ கிழிந்துபோனால், அதை மாற்றிக்கொள்ள நியாயமான கூடுதல் நேரம் கொடுக்கலாம் என்று டென்னிஸ் விதி சொல்கிறது. அதே வரியில் ராக்கெட்டை மட்டும் விலக்கிவைத்திருக்கிறது. ஒரே ராக்கெட்டோடு மைதானத்துக்கு வரும் பெண்ணுக்கு முதல் செட்டில் கட் (ராக்கெட்டில் பின்னியிருக்கும் நரம்பு) அறுந்துபோனால் இரண்டு வழிதான்: அறுந்த ராக்கெட்டோடேயே ஆடுவது, அல்லது அணியில் இன்னொருத்தியுடையதை இரவல் வாங்கி, பழகாத பிடியோடும் பழகாத இறுக்கத்தோடும் ஆடுவது. காசு இல்லாத பெண்கள் அணி தோற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஸ்கோர்ஷீட்டில் இது பதிவாகாது.

பெங்களூரில் கல்லூரிப் பெண்கள் அணிக்கு வரும் விளையாட்டு நிதியில் பந்துக்கும் பயணத்துக்கும் போனது போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் புது ராக்கெட் இரண்டு வாங்குவதா, கட்டிங் மெஷின் ஒன்று வாங்குவதா என்று கேட்டால், மெஷின் என்பதே எங்கள் பதில். எந்த மெஷின், அதில் எது சொதப்பும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

இங்கே சொல்வது மேசைமேல் வைக்கும் டிராப்-வெயிட் வகை. மின்சாரம் வேண்டாம், மோட்டார் இல்லை. ஒரு இரும்புத் தண்டு, அதில் நகரும் எடை, கட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தலை, ராக்கெட்டைப் பூட்டும் சுழல்மேடை, இழுத்த கட் தளராமல் பிடித்துவைக்கும் இரண்டு கிளாம்ப். தண்டில் கட்டின் இறுக்கத்தைச் சொல்லும் பவுண்டுக் கோடுகள் போட்டிருக்கும். எடையை 52-க்கு நகர்த்தி, கட்டைத் தலையில் மாட்டித் தண்டை விட்டால் அது தானே இறங்கி இழுக்கும். தண்டு தரைக்குச் சமமாக, படுக்கையாக நின்றால் இழுவை சரி. 10 டிகிரி சாய்ந்து நின்றால் குறைவது ஒன்றரை சதவீதம்தான், 52 பவுண்டில் ஒரு பவுண்டுகூட இல்லை. 20 டிகிரி சாய்ந்தால் 6 சதவீதம், அதாவது 3 பவுண்டு போய்விடும். தண்டு கீழே சாய்ந்து நின்றால் தலையில் கட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மாட்டியும், மேலே நின்றால் கொஞ்சம் தளர்த்தி மாட்டியும் திரும்ப விடவேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த ஒன்றில் இருக்கிறது.

இதன் பெரிய நன்மை, கட் நீள நீள எடையும் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். கடைகளில் பார்க்கும் கைப்பிடி சுற்றும் மெஷின் குறித்த இறுக்கம் வந்ததும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு கட் தளர்வதை அது கவனிக்காது. அதனால் கடையில் 54 போட்டுப் பழகிய பெண் டிராப்-வெயிட்டில் 54 கேட்டால் அட்டை மாதிரி இருக்கிறது என்பாள். 2, 3 பவுண்டு குறைத்துத் தொடங்குங்கள்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது இரண்டு. முதலாவது, ராக்கெட்டை எத்தனை இடத்தில் பிடிக்கிறது என்பது. நெடுக்குக் கட் பதினாறையும் இழுத்து முடிக்கும்போது ராக்கெட்டின் தலை நீளத்தில் சுருங்கி அகலத்தில் விரியப் பார்க்கும். குறுக்குக் கட் போட்ட பிறகுதான் பழைய வடிவத்துக்கு வரும். ஆறு இடத்தில் பிடிக்கும் மெஷின் இந்த இடைநேரத்தில் ராக்கெட்டின் சட்டத்தை (ஃபிரேமை) காப்பாற்றும். இரண்டு இடத்தில் மட்டும் பிடிப்பது விலை குறைவு, நல்ல நிலையில் உள்ள ராக்கெட்டுக்கு அது போதும். ஆனால் பெண்கள் அணியின் ராக்கெட்டுகளில் பாதி, படித்து முடித்துப் போன சீனியர்கள் விட்டுச்சென்றவை. தலையில் கீறலும் தரையில் உரசிய தடமும் இருக்கும். அவற்றுக்கு ஆறுதான் வேண்டும்.

இரண்டாவது கிளாம்ப். ஃப்ளையிங் கிளாம்ப் என்பது எதிலும் பொருத்தப்படாமல் பக்கத்துக் கட்டையே பிடித்துக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு முறை எடையைத் தூக்கும்போதும் அது சற்றுப் பின்வாங்கும், கொஞ்சம் இறுக்கம் போகும். ஃபிக்ஸட் கிளாம்ப் மேடையோடு பொருந்தியது, அவ்வளவாக நகராது. காசு போதவில்லை என்றால் ஆறு இடப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்காமல் கிளாம்பில் இறங்கி வாருங்கள். ஃப்ளையிங் கிளாம்பின் இழப்பு எல்லா ராக்கெட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பவுண்டைக் கூட்டி ஈடுகட்டலாம். உடைந்த சட்டத்தை ஈடுகட்ட முடியாது.

எலக்ட்ரானிக் மெஷின் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், சர்வீஸ் செய்ய ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி கணக்கு. வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறோமோ, வருடத்துக்கு அத்தனை முறை கட் மாற்றவேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் நடைமுறைக் கணக்கு. 8 பெண்கள், வாரம் 5 நாள் என்றால் 40 முறை. போட்டி நேரத்தில் அறுவதையும் சேர்த்து 50 என்று வையுங்கள். கடையில் கூலி மட்டும் ராக்கெட்டுக்கு 300 ரூபாய் என்றால் வருடம் 15,000. உங்கள் பகுதிக் கூலியை அந்த இடத்தில் போட்டு, மெஷின் விலையை வருடக் கூலியால் வகுத்தால் எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். கடைக்குக் கொடுக்க ஒரு நடை, வாங்க ஒரு நடை என்று டிராஃபிக்கில் போகும் மாலைப் பயிற்சிகளை இதில் சேர்க்கவில்லை.

கட்டை 12 மீட்டர் பாக்கெட்டாக வாங்காதீர்கள். 200 மீட்டர் ரீலாக வாங்கி 11.5 மீட்டராக வெட்டினால் 17 ராக்கெட் வரும். 3 ரீலில் 51. முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே கட் போதும்: சிந்தடிக் கட் (நைலான்), 1.30 மில்லிமீட்டர் தடிமன், 50 முதல் 54 பவுண்டு. பாலியெஸ்டர் வேண்டும் என்று பெண்கள் கேட்பார்கள், டிவியில் ஆடுகிறவர்கள் பலர் போடுவது அதுதான். அது அறுவதற்கு வெகுநாள் முன்பே துள்ளல் போய் உயிர் விட்டுவிடும். வருடத்துக்கு ஐந்தாறு முறைக்கு மேல் மாற்ற முடியாத அணியில் செத்த பாலியெஸ்டரோடு மாதக்கணக்கில் ஆடினால் முழங்கைதான் விலை கொடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுக்கும் பெண் ஒருத்தி இருந்தால், அவளுக்கு மட்டும் நெடுக்கில் பாலியெஸ்டர் 6 மீட்டர், குறுக்கில் சிந்தடிக் கட் 5.5 மீட்டர்.

வேலையைப் பற்றி. பழைய கட்டை வெட்டும் முன் ராக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். 16×19 (நெடுக்கு 16, குறுக்கு 19) ராக்கெட்டுகள் பலவற்றில் நெடுக்குக் கட் தலையிலும் கழுத்துப் பக்கமும் 7-ஆவது, 9-ஆவது துளைகளைத் தாண்டிப் போகும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெட்டும்போது நடுவிலிருந்து வெளியே, நெடுக்கு ஒன்று குறுக்கு ஒன்று என மாற்றி மாற்றி வெட்டவேண்டும். ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் சட்டம் கோணலாக இழுபடும். நெடுக்கை நடுவில் தொடங்கி இடது வலது என்று போடும்போது எந்தப் பக்கமும் மறுபக்கத்தைவிட மூன்று கட்டுக்கு மேல் முந்தக்கூடாது. குறுக்கு எப்போதும் தலையிலிருந்து கழுத்தை நோக்கி.

குறுக்குதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று பதினாறு நெடுக்கிலும் புகுத்திப் போகவேண்டும். ஒயர் கூடை பின்னிய கைக்கு இது அரை மணி நேரத்தில் வசப்படும். முதல் வருடப் பெண் ஒருத்தி ஏழாவது வரிசையில் நிறுத்தி, "அக்கா, இது மேல போகணுமா, கீழயா?" என்று கேட்பாள்; மேல் வரிசையைப் பார்த்து அதற்கு எதிராகப் போ என்பதுதான் பதில். ஒவ்வொரு வரிசையையும் இழுப்பதற்கு முன் விரலால் தடவிச் சரிபார்க்கவேண்டும். இழுத்த பிறகு மூன்று வரிசை தள்ளிப் பிழை தெரிந்தால் அந்த மூன்றையும் அவிழ்க்க நேரும். புகுத்தும்போது வேகமாக உருவினால் ஒரு கட் இன்னொரு கட்டை உரசி அறுத்து மெல்லிய பள்ளம் விழும், பின்னால் அங்கேதான் அறும். வளைத்து, விசிறி மாதிரி மேலும் கீழும் அசைத்து உருவுங்கள்.

நெடுக்கை முடித்துவிட்டு ராக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடக்கூடாது. சட்டம் அதிக அழுத்தத்தில் நிற்பது அந்த நிலையில்தான். முழு வேலைக்கும் வேண்டிய நேரம் கையில் இல்லை என்றால் தொடங்கவே வேண்டாம்.

முதல் ராக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பத்தாவதுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வருடம் 50 ராக்கெட்டை நான்கு பெண்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் ஒரு மணி நேரம். மூன்றாம் வருடப் பெண்கள் போவதற்கு முன் முதல் வருடத்தில் இரண்டு பேருக்காவது கைப்பழக்கம் வரவேண்டும். இல்லாவிட்டால் ஜூனில் மெஷின் துணி போர்த்திய பொருளாகிவிடும்.

மெஷினின் கோடுகளை அப்படியே நம்பாதீர்கள். பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். அதன் ஒரு முனையைச் சட்டத்தோடு கட்டிய கட் துண்டிலும் மறுமுனையை இழுக்கும் தலையிலும் மாட்டி 52-இல் விட்டால் 23.6 கிலோ காட்டவேண்டும். ஒரு கிலோ குறைந்தால் 2 பவுண்டுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைகிறது என்று பொருள். எடையை அதற்கேற்ப நகர்த்தி ஒரு பேனாக் கோடு போடுங்கள். கிளாம்ப் வழுக்கினால் திருகை இறுக்கும் முன் பல்லைச் சுத்தம் செய்யுங்கள். கட்டின் மெழுகு படிந்திருக்கும். ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் போதும். அழுக்கோடு திருகை இறுக்கினால் கட் நசுங்கும்.

பெங்களூருக்கென்று ஒரு விஷயம். ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களுக்கான தனிப் பந்து 1,219 மீட்டருக்கு மேல்தான் என்பதால் இங்கேயும் சென்னையிலும் ஒரே பந்து. ஆனால் இங்கே காற்றழுத்தம் குறைவு, பந்து சற்றுத் துள்ளலாகவும் வேகமாகவும் போகும். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி கடற்கரை ஊரில் நடந்தால் 2 பவுண்டு குறைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். பையன்கள் அணி ஆடித் தேய்த்த பந்தில் பயிற்சி செய்யும் அணிக்கும் இதே குறைப்பு பொருந்தும். அந்த வழக்கத்தையே நிறுத்தவேண்டும், அது வேறு சண்டை. 254 சென்டிமீட்டரிலிருந்து சிமெண்டில் போட்டால் நல்ல பந்து 135 முதல் 147 வரை எழவேண்டும். சுவரில் கோடு போட்டு பி.டி. மேடமுக்குக் காட்டினால் வாதாடத் தேவையில்லை.

நிர்வாகத்திடம் கேட்கும் முறையும் முக்கியம். மெஷின் ஒருமுறைச் செலவு, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறும். ரீல் வருடாவருடம் தீரும் பொருள். இரண்டையும் ஒரே கோரிக்கைக் கடிதத்தில், மூன்று கொட்டேஷனோடு கேளுங்கள். மெஷின் மட்டும் வந்து ரீலுக்குப் பணம் வராமல் போவதுதான் இந்த வாங்கலில் நடக்கும் பெரிய தோல்வி. பேட்மிண்டனுக்கும் பொருந்தும் கிளாம்ப் உள்ள மாடலைக் கேட்டால் இன்னும் வலு. பேட்மிண்டன் கட் ஏறக்குறைய 0.70 மில்லிமீட்டர்தான் இருக்கும், டென்னிஸ் கிளாம்ப் அதைப் பிடிக்காது. பெண்கள் பேட்மிண்டன் அணியும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைத் தள்ளிவைப்பது கடினம்.

மெஷின் எங்கே இருக்கும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பையன்கள் அணியின் விளையாட்டு அறையில் வைத்தால் சாவி மாலை ஐந்து மணிக்குப் போய்விடும், பெண்களுக்கு அது இருந்தும் இல்லாததுதான். ஆடாத கனமான மேசை, மேலே ட்யூப்லைட், பெண்களிடம் சாவி: மகளிர் விடுதியில் ஒரு மூலை போதும். பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி, ராக்கெட், பவுண்டு, கட்டியவள் பெயர், அறுந்த தேதி. அதே தேதியையும் பவுண்டையும் ராக்கெட்டின் கழுத்தில் சின்ன டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ராக்கெட் இரவல் போகும் அணியில் வாங்குகிறவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.