ஏழு வருட பக்கெட் டிரக் அனுபவம்: நான் முதலில் பார்ப்பது தரையை

பக்கெட் டிரக்கில், அதாவது ஆளை உயரே தூக்கும் தொட்டி (பக்கெட்) உள்ள வண்டியில், ஏறி வேலை பார்க்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் எவ்வளவு உயரம் போகும், எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கிறது (எடைக் கணக்கில் ஆளோடு கருவிகளும் சேரும், அதை மறக்க வேண்டாம்). நான் முதலில் பார்ப்பது தரையை.

ஒருமுறை மழை விட்ட கையோடு மண் தரையில் வண்டியை நிறுத்தி, அவுட்ரிக்கர்களை (வண்டியைத் தாங்கும் பக்கவாட்டுக் கால்களை) இறக்கி, மட்டக்குழாயில் குமிழி நடுவில் நின்றதைப் பார்த்துவிட்டு ஏறிவிட்டேன். பக்கெட்டைத் தாங்கும் நீண்ட கையான பூமைப் பக்கவாட்டில் திருப்பியதும் பக்கெட் மெல்லச் சாய, கீழே நின்றவர் கத்தினார். அந்தப் பக்கத்துக் கால் நாலு விரல் ஆழம் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வந்த வழியே மெதுவாகத் திருப்பி இறங்கிவிட்டேன், ஆனால் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. பூம் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கத்துக் காலில்தான் பாரம் போய் விழும், அதை நிறுத்தும்போது பார்க்கிற மட்டம் காட்டாது. அப்புறம் தார் ரோடாக இருந்தாலும் காலுக்கு அடியில் பலகை வைக்காமல் இறக்கியதில்லை. ஏறுவதற்கு முன்னால் ஆளில்லாத பக்கெட்டைக் கீழ் கன்ட்ரோலில் இருந்தே ஒருமுறை நீட்டி, சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.

பக்கெட்டைச் சுற்றித்தான் சுவர் இருக்கிறதே, ஹார்னஸ் (உடம்பில் கட்டும் பாதுகாப்பு வார்) எதற்கு என்பவர்களுக்கு: வெட்டிய கிளை பூம் மேல் விழுந்தாலோ வேறு வண்டி வந்து இடித்தாலோ பூம் துள்ளும், கவண் கல்லைப் போல ஆளை வெளியே வீசிவிடும். ஹார்னஸ் கொக்கியைப் பூமில் அதற்கென்று இருக்கும் வளையத்தில் மாட்டுங்கள். கம்பத்திலோ மரத்திலோ மாட்டவே கூடாது, பக்கெட் நகர்ந்தால் அதுவே உங்களை இழுத்துப் போட்டுவிடும்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் வேலை என்றால், மின்சாரம் கடத்தாத ஃபைபர் பூம் இருக்கிறது என்ற தைரியமும் ஓரளவுக்குத்தான். மின்சாரம் உங்களிடமிருந்து வண்டி வழியாகத் தரைக்குப் போவதை அது தடுக்கும், அதுவும் சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால். ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, கீழே நிற்கும் ஆள். போன வருடம் மேலே இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிட்டது, அவசர பம்பை எப்படி இயக்குவது என்று கீழே இருந்தவருக்குத் தெரியவில்லை. மேலிருந்து நான் சொல்லச் சொல்ல அவர் இறக்கி முடிப்பதற்கு முக்கால் மணி நேரம். இப்போது கீழே யார் நின்றாலும் சரி, அந்த பம்பால் ஒருமுறை இறக்கிக் காட்டிய பிறகுதான் பக்கெட்டில் கால் வைக்கிறேன்.