கத்திரி இலையில் ஓடுற பேனைக் காட்டி மருந்து விக்கிறாங்க, ஏமாந்துராதீங்க

உடுமலைப் பக்கம் 60 சென்ட்ல கத்திரி போட்டிருக்கோமுங்க. மாசிக் கடைசியில வெயில் ஏறினதும் இலை மேல ஊசியில குத்தினாப்ல வெளிறிப் புள்ளி விழுந்துச்சு. இலைச் சாறை உறிஞ்சற செம்பேன்தான், வருசா வருசம் வர்றதுதான். நாலு இலையைப் பறிச்சுக்கிட்டு வழக்கமா வாங்கற மருந்துக்கடைக்குப் போனேன்.

அங்க ஒரு கம்பெனிப் பையன் உட்கார்ந்திருந்தான். செல்போன்ல மாட்டற லென்ஸை வச்சு இலையோட அடிப்பக்கத்தைக் காட்டினான். நடு நரம்பை ஒட்டிப் பளபளன்னு ஒண்ணு குடுகுடுன்னு ஓடுச்சு. "பாருங்கக்கா, என்ன ஓட்டம் ஓடுது! இதுதான் உங்க இலையை உறிஞ்சுது. நாலு நாள் விட்டா தோட்டமே போயிரும்"னான். கடைக்காரரும் ஆமான்னார். ரெண்டு பாட்டில், 1,840 ரூபாய். பில் கேட்டதுக்கு, "நம்ம கடைதானுங்களே, எதுக்குங்க பில்லு"ன்னு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுத்தார்.

அடிச்ச பத்தாம் நாள் கொழுந்தெல்லாம் நூலாம்படை. இலை செம்பு நிறமாகிக் காய்ஞ்சு உதிருது. உழவர் சந்தைக்கு மூணு மூட்டை போன இடத்துல ஒரு மூட்டைக்கே காய் தேறலை. திரும்பப் போய்க் கேட்டா, "டோஸ் பத்தலைங்க"ன்னு அதை விட வீரியமான மருந்தை எடுத்து வைக்கறாங்க.

அப்பத்தான் சந்தேகம் தட்டுச்சு. கிணத்தோரமா மருந்து படாம நின்ன நாலு செடி மட்டும் பச்சையா இருந்தது. அந்த இலையையும் காய்ஞ்ச இலையையும் தனித்தனிப் பையில போட்டுக்கிட்டு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சியியல் துறைக்குப் போனேன். அங்கிருந்த மேடம் நுண்ணோக்கியில வச்சு என்னையே பார்க்கச் சொன்னாங்க.

காய்ஞ்ச இலையில நூலுக்குள்ள மெதுவா ஊர்ந்துக்கிட்டிருந்தது செம்பேன். உடம்பெல்லாம் மயிர், ரெண்டு பக்கமும் மைப்பொட்டு வச்சாப்ல கருப்பு. முட்டை கண்ணாடி மணியாட்டம் உருண்டை. பச்சை இலையில ஓடினது வேற. பேரிக்காய் வடிவம், மழமழன்னு முதுகு, நீளக் காலு. முன்னங்காலால தடவித் தடவிப் போய் ஒரு செம்பேன் முட்டையைப் பிடிச்சு அப்படியே நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல அந்த முட்டை சுருங்கிப் போச்சு. இதோட முட்டை உருண்டையா இல்லாம நீளவட்டமா இருக்கும்னாங்க. கடையில அந்தப் பையன் எனக்குக் காட்டினது இதைத்தான். என் கத்திரியைக் காப்பாத்திக்கிட்டு இருந்ததைப் பணம் கொடுத்துக் கொன்னிருக்கேன்.

இது ஃபைட்டோசீட் குடும்பத்து இரைதின்னிப் பேனாம். நம்ம பக்கம் காய்கறிச் செடியில நியோசெயுலஸ் லாங்கிஸ்பினோசஸ்ங்கற இனம் சகஜமா கிடைக்கும்னாங்க. ஆனா எந்த இனம்னு உறுதியாச் சொல்ல, பெண் பேனைக் கண்ணாடித் தகட்டுல பதிச்சு முதுகு மயிரை எண்ணி அளக்கணுமாம். நமக்கு அது வேண்டியதில்லை, நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சா போதும். செம்பேன், இரைதின்னி, இலைப்பேன் எல்லாத்தையும் பேன்னே சொல்லிப் பழகிட்டோம், அந்த ஒரு சொல்லை வச்சே என் தலையில கட்டிட்டாங்க. இலைப்பேனும் ஓடும், ஆனா அது ஒல்லியா நீளமா இருக்கும், அதுக்கு ஆறு காலுதான்.

எனக்குக் கொடுத்தது, பேரு 'த்ரின்'னு முடியற செயற்கைப் பைரித்ராய்டு மருந்து. அது இரைதின்னியை அடியோட அழிச்சிரும், செம்பேன் தப்பிச்சுப் பெருகிக்கும். பாட்டில் லேபிளைப் பின்னால படிச்சேன், செம்பேன்ங்கற பேரே அதுல இல்லை. காசு கொடுக்கும் முன்னாடி உங்க பயிர் பேரும் பேன் பேரும் லேபிள்ல இருக்கான்னு பாருங்க. பில் இல்லாம வாங்காதீங்க. என் கையில துண்டுச்சீட்டு மட்டும் இருந்ததால புகார் கொடுக்கக்கூட வழியில்லாமப் போச்சு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டற கைலென்ஸ் ஒண்ணு வீட்டுல இருக்கட்டும்.

கிணத்தோரச் செடி இலைகளைப் பறிச்சு மத்த செடிகள்ல சொருகி வச்சிருக்கேன். நேத்துச் சாயங்காலம் பத்து இலை புரட்டிப் பார்த்ததுல மூணு இலையில ஓடுதுங்க.