மண்ணா, பெண்டோனைட்டா, மாத்திரையா: வீட்டுக்கு வந்த தெருப்பூனையும் மூத்திரப் பஞ்சாயத்தும்

தெருவிலிருந்து எடுத்து வந்த பூனை சோபாவில் மூத்திரம் போனால், நம் ஆட்கள் காசைச் செலவழிக்கும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் வாசனை ஸ்ப்ரே. அடுத்து ஆன்லைனில் மூடி போட்ட அழகான லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை போவதற்கான பெட்டி. அப்புறம் பூனையை அண்டவிடாது என்று எழுதியிருக்கும் ஏதோ ஒரு திரவம். எதுவும் பலிக்கவில்லை என்றால் கடைசியாக டாக்டர். இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள், பணமும் மிஞ்சும் சோபாவும் மிஞ்சும் என்பது என் கட்சி. ஏன் என்பதை, கையிலிருக்கும் வழிகளை ஒன்றோடொன்று மோதவிட்டே பார்ப்போம்.

டாக்டர் முதலிலா, பாக்ஸ் முதலிலா?

டாக்டர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடுவன் பூனை என்றால் இன்னும் அவசரம். அடிக்கடி போய்க் குந்துகிறது, முக்குகிறது, கத்துகிறது, அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சொட்டுதான் வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை என்றால் அது மூத்திரப்பாதை அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

அடைப்பு இல்லாவிட்டாலும் வலி இருக்கலாம். இளவயதுப் பூனைகளுக்கு நீர்த்தாரையில் கிருமித்தொற்று வருவது அபூர்வம். கிருமியே இல்லாமல் மூத்திரப்பை வீங்கிக்கொள்வதுதான் அதிகம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்த கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன், மன அழுத்தத்துக்கும் இந்த வீக்கத்துக்கும் உள்ள தொடர்பை அழுத்திச் சொன்னவர். தெருவில் திரிந்த உயிரை நாலு சுவருக்குள் அடைத்தால் அழுத்தம் வராமல் இருக்குமா? அதனால் யூரின் டெஸ்ட் எடுக்காமலே ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், டெஸ்ட் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். சாம்பிள் பிடிப்பதும் பெரிய வித்தையில்லை. பாக்ஸைக் கழுவித் துடைத்து, மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கல்லைக் கழுவிக் காயவைத்துப் பரப்பினால் மூத்திரம் அடியில் தேங்கும். சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

குந்துவதா, நின்று அடிப்பதா?

இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எந்தப் பொருள் வாங்கினாலும் பாதி வீண். தரையில் குந்தி, பெரிய குளமாகப் போனால் அது கழிப்பிடப் பிரச்சினை. நின்றுகொண்டு, வாலை உயர்த்தி நடுக்கி, சுவரிலோ கதவிலோ பீரோவிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. ஸ்ப்ரே அடிப்பது என்று சொல்கிறோமே, அதுதான்.

ஸ்ப்ரே அடிக்கும் கடுவனுக்கு உலகத்திலேயே சிறந்த லிட்டரை (பாக்ஸில் நிரப்பும் மணல் மாதிரியான பொருளை) வாங்கி வைத்தாலும் அது லிட்டரிலும் போகும், பீரோவிலும் அடிக்கும். அதற்கு வழி கருத்தடை ஆபரேஷன். கடுவன்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பூனைகளிடம் இந்தப் பழக்கம் அதற்குப்பின் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. பலருக்கு உடனே பலன் தெரியும். சிலருக்கு ஹார்மோன் வடிய வாரக்கணக்கில் ஆகும். நாற்றமும் குறையும், ஏனென்றால் ஃபெலினைன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் கருத்தடை செய்யாத கடுவனின் மூத்திரத்தில்தான் மிக அதிகம். அது சிதையச் சிதையத்தான் அந்தத் தலைவலி நெடி கிளம்புகிறது. பெட்டைகளும் ஸ்ப்ரே அடிக்கும், அவ்வளவாக இல்லை.

“பாவம், ஆபரேஷன் எதுக்கு, நாலு மாசம் போனா தானா அடங்கிடும்” என்று சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அடங்காது.

எதைப் போடுவது?

குந்திப் போகும் பூனைக்கு வருவோம். இங்கேதான் கடைகளில் போட்டி அதிகம், குழப்பமும் அதிகம்.

தெருப்பூனைக்குக் கழிப்பிடப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. வீடு கட்டும் இடத்தில் லாரி மணல் இறக்கிய மறுநாள் காலை போய்ப் பாருங்கள், தெருவின் எல்லாப் பூனைகளும் வந்துபோன தடம் இருக்கும். அதற்குத் தெரிந்தது மணலும் மண்ணும். நம் வீட்டில் இருப்பதோ டைல்ஸ். தோண்ட எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று தேடி, மெத்தையையும் அழுக்குத்துணிக் குவியலையும் மிதியடியையும் கண்டுபிடிக்கிறது. ஆகவே, எந்த லிட்டர் உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது மணலுக்குக் கிட்ட வருகிறது என்று கேட்பதே சரி.

அந்தக் கேள்விக்கு பெண்டோனைட் தெளிவாக ஜெயிக்கிறது. கட்ச், பார்மேர் பக்கம் நிலத்திலிருந்து தோண்டும் களிமண் இது. ஈரம் பட்டதும் ஊதிக் கட்டியாகும். பொடி ரகமாக, வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். லாவெண்டர், எலுமிச்சை வாசனையெல்லாம் நம் மூக்குக்காகப் போட்டவை, பூனை அதற்காகவே பாக்ஸைத் தவிர்க்கலாம். பெண்டோனைட்டின் குறை தூசியும் எடையும். காலில் ஒட்டி வீடெங்கும் வரும், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குப் பை தூக்குவது உங்கள் இடுப்பின் பாடு. இன்னொன்று, அதைக் கக்கூஸில் கொட்டி ஃபிளஷ் செய்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

டோஃபு லிட்டர் எடை குறைவு, தூசி கம்மி, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் சோயாச் சக்கை உருளைகள் மணலைப் போல இல்லை. சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஈரக்காற்று அடிக்கும் ஊரில் திறந்து வைத்த பையில் பூஞ்சை பிடிக்கும் பயமும் உண்டு. பைன் மரத்தூள் உருளைகளை நான் தெருப்பூனைக்குச் சிபாரிசு செய்யவே மாட்டேன்: கெட்டியாக உருள்கிறது, பாதத்துக்குப் பழக்கமில்லாதது. குட்டியிலிருந்து பழகிய பூனை என்றால் அது வேறு கதை. சிலிக்கா படிகம் நாற்றத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் குத்தும். செய்தித்தாள் இரண்டு நாள் அவசரத்துக்கு, அவ்வளவுதான்.

மரக்கடை மரத்தூளைவிட கோகோபீட், அதாவது செடித்தொட்டியில் போடும் தேங்காய் நார்த்தூள் மேல். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், கீரைத்தொட்டியில் பூனை செய்யும் அட்டகாசத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தத் தொல்லையையே இங்கே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். என்ன, ஈரத்தைக் கட்டியாக்காது, அடிக்கடி மொத்தமாக மாற்ற வேண்டும்.

இனி மணல். லிட்டர் என்ற பொருளே மணலுக்கு மாற்றாக வந்ததுதான். 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பூனைக்குப் போட மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, எட் லோ என்பவர் எண்ணெய் உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையைக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்தது இந்த வியாபாரம். அதற்கு முன்னால் மணலும் அடுப்புச் சாம்பலும்தான். மணலின் பலம், தெருப்பூனை முதல் நாளே புரிந்துகொள்ளும். பலவீனம், நாற்றத்தைத் தாங்காது, கட்டியாகாது. ஆகவே இதைப் பாலமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழுக்க மணல் அல்லது செம்மண். பூனை ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக பெண்டோனைட்டைக் கலந்து, சில வாரங்களில் முழுக்க மாற்றிவிடலாம். தெருவில் கொட்டிக் கிடக்கும் குவியலிலிருந்து மட்டும் அள்ளாதீர்கள். வேறு பூனைகளின் புழு முட்டையும் சேர்ந்து வரும். சலித்த மணலாக வாங்குங்கள்.

எந்தப் பொருள் போட்டாலும் தினமும் அள்ள வேண்டும். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வருகிறது. தினமும் அள்ளினால் அதற்கு அவகாசம் கிடைக்காது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலை வேறு யாருக்காவது.

மூடி போட்ட பாக்ஸா, அன்னக்கூடையா?

மூடி போட்டது விருந்தாளிகளுக்காக. தெருவில் நாய்க்குப் பயந்து வாழ்ந்த பூனை, ஒரே வாசல் உள்ள பெட்டிக்குள் முதுகைக் காட்டி உட்காரத் தயங்கும். உள்ளே நாற்றமும் தேங்கும். கடையில் விற்கும் திறந்த ட்ரேக்களும் பல சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். துணி துவைக்கும் பெரிய அன்னக்கூடையோ, ஒரு பக்கம் தாழ வெட்டிய பிளாஸ்டிக் ஸ்டோரேஜ் டப்பாவோ போதும். பாதி விலைகூட ஆகாது.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். பூனைக்கு ஒன்று, அதோடு கூட ஒன்று என்று 2014-ல் வந்த சர்வதேச பூனை மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம், சாப்பாட்டுத் தட்டின் பக்கமும் வேண்டாம். சோபாவின் ஓரத்தில்தான் போவேன் என்று அடம்பிடித்தால் பாக்ஸை அங்கேயே வையுங்கள். பழகிய பிறகு தினம் ஒரு சாண் நகர்த்தி, உங்களுக்கு வேண்டிய மூலைக்குக் கொண்டுபோகலாம்.

நம்மூர் வீடுகளுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு: பாத்ரூம் ஜாலி. சில பூனைகள் தாமாகவே தண்ணீர் போகும் துவாரத்தில் போகும், ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் யாராவது கதவைச் சாத்திவிட்டால் மறுபடி மெத்தைதான். ரத்தம் கலந்து போகிறதா, அளவு குறைகிறதா என்றும் தெரியாது. டைல்ஸ், வாஷ்பேசின் என்று வழுவழுப்பான குளிர்ந்த இடமாகத் திடீரென்று தேட ஆரம்பித்தால், அது வலியின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முழு வீடா, ஒரே அறையா?

சுதந்திரம் கொடுக்கிறோம் என்று முதல் நாளே வீடு முழுக்கத் திறந்துவிடுகிறோம். ஒரு அறை, அதில் தண்ணீர், சாப்பாடு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, எதிர் மூலையில் பாக்ஸ். இதுதான் புதுப்பூனைக்கு நிம்மதி. இரண்டு வாரம் பாக்ஸில் ஒழுங்காகப் போனால் அடுத்த அறையைத் திறங்கள். தவறினால் மறுபடி ஒரே அறை. தண்டனையாக அல்ல, பழக்கத்துக்காக. மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும்: நீங்கள் பார்க்கும்போது போகக்கூடாது. அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும்.

ஃபினாயிலா, என்சைமா?

ஃபினாயில் வீட்டை விட்டே போகட்டும். பூனையின் கல்லீரலால் ஃபீனால் வகைப் பொருள்களைச் சரியாகக் கழிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் மூத்திரமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அமோனியா உள்ள கிளீனர், இங்கேதான் போக வேண்டும் என்று பூனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும்.

மூத்திரத்தின் மிச்சம் வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது, அதனால்தான் கழுவிய பிறகும் மழைக்கால ஈரத்தில் நாற்றம் எழுகிறது. என்சைம் கிளீனர் அதைச் சிதைக்கும்; அவசரப்பட்டுத் துடைக்காமல் நன்றாக ஊறவிட வேண்டும். அது கிடைக்காவிட்டால் என்சைம் உள்ள சலவைத்தூளைக் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசலாம். வினிகரும் உதவும், மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், அரித்துவிடும். பழைய கறைகளைக் கண்டுபிடிக்க கள்ளநோட்டுப் பார்க்கும் யூ.வி. டார்ச் போதும், இருட்டில் அடித்தால் ஒளிரும்.

ஃபெரோமோனும் மாத்திரையும்

பூனை கன்னத்தைத் தேய்க்கும்போது விடும் வாசனையை (அதுதான் ஃபெரோமோன்) செயற்கையாகச் செய்து பிளக்கில் மாட்டும் டிஃப்யூசர்கள் வருகின்றன. ஃபெலிவே அதில் பேர்பெற்றது. ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. விலையோ கூடுதல், மாதாமாதம் மாற்ற வேண்டும். அதே காசில் இரண்டாவது பாக்ஸும், ஜன்னலோரம் ஏறி உட்கார ஒரு பலகையும், கொஞ்சம் ஈர உணவும் வாங்கலாம். ஈர உணவு மூத்திரத்தை நீர்க்கச் செய்யும். காய்ந்த உருண்டை மட்டும் தின்னும் பூனைக்கு உப்புப் போடாமல் வேகவைத்த மீனையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்தால் அதுவும் நல்லதே.

மனப்பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்சடின் போன்ற மாத்திரைகள், கருத்தடைக்குப் பிறகும் விடாமல் ஸ்ப்ரே அடிக்கும் பூனைகளுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டர் கண்காணிப்பு கட்டாயம். மண் வேண்டும் என்று தேடும் பூனைக்கு இதைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

திரும்ப வெளியே விடுவது?

மூத்திரம் வெளியே போனால் சரி என்று இரவில் கதவைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடு சுத்தமாகும். ஆனால் சண்டை, வண்டி, பக்கத்து வீட்டுப் புகார் எல்லாம் திரும்பி வரும். வெளிக்கடுவனோடு மோதிய பூனை வீட்டுக்குள் வந்து ஸ்ப்ரே அடிக்கவும் செய்யும். பால்கனி இருந்தால் அதை அடைத்து மண் தொட்டி ஒன்றை அங்கே வைப்பது இதைவிட நல்ல பேரம். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலை இதற்கு ஆகாது, பூனை கடித்துப் பிரித்துவிடும். வெல்டிங் கம்பி வலையாகக் கேட்டு, தொட்டிக்கு மேல் மழைச்சாரல் படாமல் ஒரு தகடும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்.